திரும்பிச் செல்பவர்க்கும் உரிமை உண்டு
(பொன்விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

சங்கத்தின் ஐம்பதாண்டுச் சேவையைப் பற்றி மற்றவர்கள் விரிவாகப் பேசினார்கள். இளம் வியாபாரிகளாகிய நாங்கள் பேச எடுத்துக்கொண்டது, நம் உணவகங்களிலும் மளிகைக் கடைகளிலும் தென்னந்தோப்புகளிலும் பெர்மிட் இல்லாமல் வேலை செய்து, ஒருநாள் ஊர் திரும்ப வேண்டியவர்களைப் பற்றி.

இது நமக்குப் புதிய கதை அல்ல. 1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1969-க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் எடுத்தாக வேண்டிய நிலை ஏற்பட்டது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த தோட்டத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேறித் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள். அந்த வேதனையை நம் வீட்டுப் பெரியவர்கள் அறிவார்கள்.

அனுமதியின்றித் தங்கியவரைத் திருப்பி அனுப்ப அரசாங்கத்துக்கு அதிகாரம் உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அனுப்பும் முறைக்கும் நெறி உண்டு. 2018 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் 152 நாடுகள் ஆதரித்த குடிபெயர்வு உடன்பாடு, ஒவ்வொருவரின் நிலையையும் தனித்தனியாக ஆராய வேண்டும், கும்பலாக வெளியேற்றக்கூடாது, உயிருக்கு ஆபத்துள்ள இடத்துக்கு அனுப்பக்கூடாது என்கிறது. அது சட்டமாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் 1995-இல் மலேசியா ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமை ஒப்பந்தம் கட்டுப்படுத்தும்.

நம் பேராக்கிலேயே நடந்ததைப் பாருங்கள். 2021 பிப்ரவரி 23-ஆம் தேதி, மியன்மாரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த அதே மாதத்தில், லுமுட் கடற்படைத் தளத்திலிருந்து 1,086 பேர் அந்நாட்டுக் கடற்படைக் கப்பல்களில் அனுப்பப்பட்டார்கள். அதே நாளில் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் அதை நிறுத்திவைக்க இடைக்கால உத்தரவு தந்திருந்தது. பெற்றோர் இங்கே இருக்கும் பிள்ளைகளும் அனுப்பப்படவிருந்தவர்களில் அடங்குவர் என்று வழக்குத் தொடுத்த அமைப்புகள் கூறின. கப்பல் கிளம்பிய பிறகு எந்தத் தீர்ப்பும் அவர்களைத் திரும்ப அழைத்து வராது.

லுமுட்டில் நடந்தது அரசாங்கத்தின் பொறுப்பு. நம் கடைக்குள் நடப்பது நம் பொறுப்பு. 2024 மார்ச் 1 முதல் டிசம்பர் 31 வரை குடிநுழைவுத் துறை ஒரு திட்டம் நடத்தியது. பெர்மிட் இல்லாதவர்கள் 500 ரிங்கிட் அபராதம் கட்டி, வழக்கில்லாமல் ஊர் போகலாம். அதற்கும் செல்லுபடியாகும் கடப்பிதழும் டிக்கெட்டும் வேண்டும். கடப்பிதழ் முதலாளியின் மேசைப் பெட்டியில் கிடந்தால் அவர் எப்படிப் போவார்? நான்கு மாதச் சம்பளம் பாக்கி நின்றால் எதைக் கொண்டு டிக்கெட் எடுப்பார்? கேட்டால், “பிடித்துக் கொடுத்துவிடுவேன்” என்று மிரட்டுபவர்களும் இருக்கிறார்கள். பிறருடைய கடப்பிதழைப் பிடித்து வைப்பது 1966 கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். பெர்மிட் இல்லாதவரை வேலைக்கு வைத்தால், ஒருவருக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம். பிடித்துக் கொடுப்பவரும் அதற்குத் தப்பமாட்டார்.

எனவே சங்கத்தின் முன் மூன்று கோரிக்கைகள் வைக்கிறோம். ஒன்று, நம் உறுப்பினர்களின் கடைகளில் வேலை செய்பவர் கடப்பிதழ் அவர் கையிலேயே இருக்கட்டும். இரண்டு, ஊர் திரும்புபவரின் கணக்கை இரண்டு பேர் சாட்சியாகத் தீர்த்து, பயணத்துக்கு முன்பே பணத்தைக் கொடுப்போம். மூன்று, டிக்கெட்டுக்கு வழியில்லாதவர்க்குச் சங்கத்தில் ஒரு நிதி வைப்போம். ஜகாத் பெறும் எட்டு வகையினரில் வழிப்போக்கரும் ஒருவர் என்பதை நாம் அறிவோம்.

வந்தபோது வெறுங்கையோடு வந்தவர், நம்மிடம் உழைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பக்கூடாது. நம் முன்னோர் கப்பலேறி வந்த வழியில்தான் அவரும் வந்தார்.

அடுத்த ஐம்பது ஆண்டுகளும் இச்சங்கம் நீதியோடு நிலைக்க வல்ல இறைவன் அருள்புரிவானாக. வஸ்ஸலாம்.