பள்ளிக்கூடத்தில் செல்போன்: அவனவன் கொண்டுவருவதா? பொதுவில் வைப்பதா?

(மதுரை காளவாசலில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று இக்கூட்டத்தில் நாம் பேசவேண்டுமென்று குறிப்பிடப்பட்டிருக்கும் விஷயம், பள்ளிப் பிள்ளைகள் தங்கள் சொந்தச் செல்போனையும் மடிக்கணினியையும் வகுப்பறைக்குள் கொண்டுவந்து படிக்கலாமா, கூடாதா என்பதாகும். சாமியைப் பற்றியும் ஜாதியைப் பற்றியும் பேசவேண்டிய மேடையில் செல்போனுக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கக்கூடும். ஆனால் படிப்பு யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்கின்ற கேள்வி எந்த வேஷத்தில் வந்தாலும் அது நம்முடைய கேள்விதான் என்பதை முதலில் தெரிவித்துக்கொள்ளுகிறோம். நாம் சொல்லுவதில் குற்றம் கண்டால் கூட்டம் முடிந்ததும் எழுந்து கேளுங்கள். பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

தோழர்களே! இந்த விஷயத்தில் நாட்டில் இரண்டு கூட்டத்தார் இருக்கிறார்கள். ஒரு கூட்டத்தார் செல்போன் ஒரு பேய், அது பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டுவிட்டது என்கிறார்கள். மற்றொரு கூட்டத்தார் அது ஒரு கடவுள், அது கையில் வந்துவிட்டால் உபாத்தியாயரும் வேண்டாம், பள்ளிக்கூடமும் வேண்டாம் என்கிறார்கள். நமக்குப் பேயும் இல்லை, கடவுளும் இல்லை. நமக்கு அது ஒரு கருவி. அரிவாள் ஒரு கருவி, கரும்பலகை ஒரு கருவி, செல்போனும் ஒரு கருவி. கருவியைப் பற்றிக் கேட்கவேண்டிய கேள்வி இரண்டே இரண்டுதான். இதனால் என்ன பிரயோஜனம்? இது யார் கையில் இருக்கிறது?

சர்க்கார் சொல்லுவது என்ன?

நமது கல்வி இலாகா, மாணவர்கள் பள்ளிக்குச் செல்போன் கொண்டுவரக்கூடாது என்று சொல்லிவருகிறது. அது சரியா தப்பா என்பதைப் பிறகு பார்ப்போம். அதே கல்வி இலாகா 2018ஆம் வருஷத்தில் புதிய பாடப் புத்தகங்களைக் கொண்டுவந்தபோது, பாடத்தின் பக்கத்தில் க்யூ.ஆர். கோடு என்று கறுப்பும் வெள்ளையுமாக ஒரு சதுரக் கட்டத்தை அச்சுப்போட்டுக் கொடுத்தது. அந்தக் கட்டத்தின் மேல் செல்போனைக் காட்டினால் பாடம் படமாக வந்து விளங்கும். மிகவும் நல்ல ஏற்பாடுதான். நாம் குறை சொல்லவில்லை.

ஆனால் யோசித்துப் பாருங்கள். புத்தகம் செல்போனைக் கொண்டுவா என்கிறது. பள்ளிக்கூடம் கொண்டுவராதே என்கிறது. அப்படியானால் அந்தப் படத்தைப் பிள்ளை எங்கே போய்ப் பார்ப்பது? வீட்டில் போய்ப் பார்க்கவேண்டும். வீட்டில் யாருக்குப் போன் இருக்கிறதோ அவன் பார்ப்பான். இல்லாதவனுக்கு அது வெறும் கறுப்புக் கட்டம். புத்தகம் இலவசம், பாடம் விலைக்கு என்று ஆகிவிட்டதா இல்லையா?

மூடிய பள்ளியும் திறந்த உண்மையும்

இந்த உண்மை முழுவதும் வெளிப்பட்டது கொரோனாக் காலத்தில்தான். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். 10, 12ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 2021 ஜனவரி 19இல் கதவு திறந்தது. 1 முதல் 8 வரை படிக்கும் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கோ 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தது. ஏறக்குறைய இருபது மாதம்! அவ்வளவு காலமும் வசதியுள்ளவன் வீட்டுப் பிள்ளைக்குச் செல்போனே வகுப்பறையாக இருந்தது. சர்க்கார், 2019 ஆகஸ்டு 26இல் ஆரம்பித்திருந்த கல்வித் தொலைக்காட்சியின் மூலம் பாடம் நடத்திற்று. ஒன்றுமில்லாததற்கு அது மேல்தான். ஆனால் டி.வி.யைப் பார்த்து, "ஐயா, எனக்கு இது விளங்கவில்லை" என்று ஒரு பிள்ளை கேட்டால் அது திரும்பிச் சொல்லிக்கொடுக்குமா?

பக்கத்துக் கேரள நாட்டில் நடந்ததைச் சொல்லவே நாக் கூசுகிறது. 2020 ஜூன் 1ஆம் தேதி அங்கே டி.வி. மூலமும் செல்போன் மூலமும் வகுப்பு ஆரம்பமாயிற்று. அதே நாளில், மலப்புரம் மாவட்டம் வளாஞ்சேரிக்குப் பக்கத்தில், 9ஆம் வகுப்புப் படித்த ஒரு தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண் உயிரை விட்டுவிட்டாள். தகப்பனார் கூலித் தொழிலாளி. வீட்டு டி.வி. பழுதாகிக் கிடந்தது, செல்போன் கிடையாது. நன்றாகப் படிக்கக்கூடிய பெண். அந்தக் குழந்தை செய்த குற்றம் என்ன? ஏழை வீட்டில் பிறந்ததைத் தவிர வேறு ஏதாவது உண்டா? இதைத் தலைவிதி என்று சொல்லுகிறவன் மனிதனா?

அவ்வளவு தூரம் போகவேண்டாம். இந்தக் காளவாசலுக்குப் பக்கத்திலேயே பொன்மேனிப் பக்கம் ஒரு வீட்டுக்கு அந்த நாளில் நாம் போயிருந்தோம். தகப்பனார் கொத்தனார் வேலை. தாயார் சித்தாள் வேலை. வீட்டுக்கு ஒரே போன். பகலில் அது தகப்பனாரோடு வேலைக்குப் போய்விடும், ஏனெனில் நாளைக்கு எங்கே வேலை என்கிற சேதி அதில்தான் வரும். இரவு ஏழு மணிக்கு மேல் அது வீட்டுக்கு வந்தால் 8ஆம் வகுப்புப் பையன் வாங்கிக்கொள்ளுவான். 11ஆம் வகுப்புப் படிக்கும் அக்காள் அடுப்படியில் இருந்தாள். "ஏம்மா, நீ பார்ப்பதில்லையா?" என்று கேட்டோம். "அவன் தூங்கின பிறகு சார்ஜ் இருந்தா பார்ப்பேன்" என்றாள். சார்ஜ் இருந்தா! தோழர்களே, ஒரு பெண்ணின் படிப்பு மிச்சமிருக்கும் சார்ஜில் நடக்கவேண்டியதாயிருக்கிறது.

இது ஒரு வீட்டுக் கதையல்ல. ஏசர் என்ற ஆய்வு, இந்தியக் கிராமப்புறங்களைப் பற்றி ஒரு கணக்கு எடுத்திருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஸ்மார்ட்போன் இருந்தது 2018இல் நூற்றுக்கு 36.5; 2021இல் 67.6. பெருகியிருக்கிறது, சந்தோஷம். ஆனால் போன் இருக்கின்ற வீட்டிலேயே நூற்றுக்கு 26 பிள்ளைகளின் கைக்கு அது கிடைப்பதே இல்லை என்றும் அதே கணக்கு சொல்லுகிறது. 2023இல் 14 முதல் 18 வயது வரையுள்ளவர்களைப் பற்றி எடுத்த கணக்கில், போனை உபயோகிக்கத் தெரிந்த ஆண்பிள்ளைகளில் நூற்றுக்கு 43.7 பேருக்குச் சொந்தப் போன் உண்டு, பெண்பிள்ளைகளில் 19.8 பேருக்குத்தான் உண்டு. ஆகவே "அவனவன் சொந்தப் போனைக் கொண்டுவந்து படிக்கட்டும்" என்று உத்தரவு போட்டால் அதற்கு என்ன அர்த்தம்? பணக்காரன் படிக்கட்டும், அதிலும் ஆண்பிள்ளை படிக்கட்டும் என்பதைத் தவிர வேறு அர்த்தம் உண்டா?

பெண்பிள்ளைக்கு மட்டும் தனிச் சட்டமா?

நிற்க, பெண்களைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லவேண்டும். கோழிக்கோட்டுக்குப் பக்கத்தில் சேளன்னூர் என்ற ஊரில் ஒரு கல்லூரி. அதன் பெண்கள் விடுதியில், மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை செல்போனைக் கையில் வைத்திருக்கக்கூடாது என்று 2019இல் சட்டம் போட்டார்கள். ஒரு மாணவி இதற்கு உட்பட மறுத்தாள். விடுதியை விட்டு வெளியேற்றினார்கள். அந்தப் பெண் அழுதுகொண்டு வீட்டுக்குப் போய்விடவில்லை, ஹைக்கோர்ட்டுக்குப் போனாள். 2019 செப்டம்பர் 19இல் கேரள ஹைக்கோர்ட்டு, இணையத்தை உபயோகிக்கும் உரிமை கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கியது என்று தீர்ப்புச் சொல்லி, அவளைத் திரும்பவும் விடுதியில் சேர்க்க உத்தரவிட்டது. இதல்லவா சுயமரியாதை!

நமது வீடுகளிலும் நடப்பது என்ன? பையன் போனைப் பார்த்தால் படிக்கிறான். பெண் பார்த்தால் கெட்டுப்போகிறாள். சரஸ்வதி பூஜை அன்று மடிக்கணினிக்குச் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிடுகிறார்கள், மறுநாள் வீட்டுப் பெண் அதைத் தொட்டால் "உனக்கு எதற்கு இது?" என்கிறார்கள். "இந்தச் சேதியைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் நல்லது நடக்கும்" என்று விடியற்காலையில் போனில் அனுப்புகிற பெரியவரே, செல்போனால் பிள்ளைகள் புத்தி கெட்டுப்போகிறது என்று சாயந்திரம் நம்மிடம் குறைப்படுகிறார்!

கெடுதியே இல்லையா?

செல்போனால் வகுப்பில் கெடுதியே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. உண்மை எதிரி பக்கத்தில் இருந்தாலும் ஒப்புக்கொள்ளுவதுதான் பகுத்தறிவு. பல நாடுகளின் 15 வயது மாணவர்களை 2022இல் சோதித்த பீசா ஆய்வில், கணக்குப் பாடங்கள் சிலவற்றிலாவது கருவிகளால் கவனம் சிதறுகிறது என்று நூற்றுக்கு 65 பேர் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் வேடிக்கை, அடுத்தவன் கையில் இருக்கும் கருவியால் தன் கவனம் சிதறுகிறது என்று 59 பேர் சொல்லியிருக்கிறார்கள். அப்படிச் சிதறியவர்கள் கணக்கில் பின்தங்கியும் இருக்கிறார்கள். அதாவது ஒருவன் போனை நோண்டினால் பக்கத்தில் இருக்கிறவன் படிப்பும் போகிறது. பிரான்சு தேசத்தில் 2018இல் சட்டம் செய்தே பள்ளிகளில் செல்போனைத் தடுத்துவிட்டார்கள்.

இதற்குப் பேய் காரணமல்ல, வியாபாரம் காரணம். நாம் எவ்வளவு நேரம் திரையைப் பார்க்கிறோமோ அவ்வளவுக்கு அவ்வளவு விளம்பரத்தில் கம்பெனிக்காரனுக்கு லாபம். அதற்காகவே அது மணிக்கு மணி கூப்பிடுகிறது, மின்னுகிறது, அடுத்த படத்தைத் தானாக ஓட்டுகிறது. பெரியவர்களான நமக்கே விடமுடியவில்லையே, 12 வயதுப் பிள்ளையைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

சோறு சொல்லும் பாடம்

சரி, சொந்தப் போன் கூடாது, ஆனால் கருவி வேண்டும் என்றால் வழி என்ன? வழி நம் நாட்டிலேயே இருக்கிறது. ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் அவனவன் சோறு அவனவன் கொண்டுவந்தான். இல்லாதவன் குழாயடியில் தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தான். மறுநாள் வராமலே நின்றுவிட்டான். 1920இல் சர் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை நகரசபை, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பகல் உணவு கொடுக்க முடிவு செய்தது. பிள்ளை ஒன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாமல் செலவு. 1956இல் காமராசர் அதை நாடெங்கும் கொண்டுபோனார். 1982இல் சத்துணவாக விரிந்தது. 2022 செப்டம்பர் 15இல் காலை உணவுத் திட்டம் ஆரம்பமானது வேறெங்கும் அல்ல, நமது மதுரை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில்தான்.

ஒவ்வொரு தடவையும் "சர்க்காருக்குப் பணம் ஏது?", "இலவசம் கொடுத்தால் சோம்பேறியாவான்" என்றுதான் சொன்னார்கள். சோற்றுக்குப் பணம் கிடைத்தது. பிள்ளைகள் சோம்பேறியாகவில்லை, படித்தார்கள். 2011 முதல் பல வருஷம் பிளஸ் டூ மாணவர்களுக்கு 50 லட்சத்திற்கு மேற்பட்ட மடிக்கணினிகள் இலவசமாகக் கொடுக்கப்பட்டன. பிறகு அது நின்றுபோயிற்று. கொரோனா வந்து கருவி மிகவும் தேவைப்பட்ட காலத்தில் நின்றிருந்தது. 2025 மார்ச்சில்தான், கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்குக் கொடுப்பதாகச் சர்க்கார் அறிவித்தது.

கரும்பலகையை எந்தப் பிள்ளையும் வீட்டிலிருந்து தூக்கிவரவில்லை. அது பள்ளியின் சொத்து. ஆகவே அதன் முன்னால் எல்லோரும் சமம். படிப்புக்கு அவசியமான எந்தக் கருவியும் அப்படித்தான் இருக்கவேண்டும் என்பதே நம்முடைய அபிப்பிராயம்.

நாம் கேட்பது என்ன?

முதலாவது, வகுப்பு நேரத்தில் சொந்தப் போன் யாருக்கும் வேண்டாம். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விதி. உபாத்தியாயருக்கும் அதே விதி. தூரத்திலிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளை போன் கொண்டுவந்தால், காலையில் வாங்கி வைத்து மாலையில் மரியாதையாகத் திருப்பிக் கொடுக்கவேண்டும். உடைப்பதும், அடிப்பதும், அதற்குள் எட்டிப் பார்ப்பதும் கூடாது.

இரண்டாவது, பாடத்துக்குக் கருவி வேண்டுமென்றால் அதைப் பள்ளியே வைத்திருக்கவேண்டும். ஹைடெக் லேப் என்றும், ஸ்மார்ட் கிளாஸ் என்றும் கட்டியிருக்கும் அறைகளின் சாவி, இன்ஸ்பெக்டர் வரும் நாளுக்காகக் காத்திருக்கக்கூடாது.

மூன்றாவது, வீட்டில் கருவி இல்லாத பிள்ளைக்கு, புத்தகசாலையில் புத்தகம் கொடுப்பதுபோல் கருவியை எழுதிக் கொடுத்து வாங்கவேண்டும்.

நாலாவது, கண்பார்வையில்லாத பிள்ளைக்குச் செல்போன் புத்தகத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறது. அது அவனுக்கு மூக்குக் கண்ணாடி மாதிரி. அவன் கையிலிருந்து அதைப் பிடுங்க எவருக்கும் யோக்கியதை கிடையாது.

தோழர்களே! காளவாசல் என்றால் செங்கல் சுடும் சூளை. சூளை வேலை தெரிந்தவர்கள் இங்கே இருப்பீர்கள். நடுவில் இருக்கும் கல் வெந்து, ஓரத்தில் இருக்கும் கல் பச்சையாய் நின்றால், அந்தக் கல்லைக்கொண்டு கட்டிய சுவர் ஒரு மழைக்குத் தாங்குமா? தாங்காது. பிள்ளைகள் விஷயமும் அதுதான். எல்லாக் கல்லுக்கும் ஒரே சூடு வேண்டும். அடுத்த தடவை உங்கள் பிள்ளை பள்ளிக்குப் பெற்றோர் கூட்டம் என்று கூப்பிட்டால், தலையை ஆட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். "ஐயா, அந்த அறையின் சாவி எங்கே?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.