நிறவெறியும் அவசரக் கோபமும்

 



2024 ஜூலை 29 அன்று இங்கிலாந்தின் சவுத்போர்ட் நகரில், நடன வகுப்பிலிருந்த சிறுமிகளை 17 வயது இளைஞன் ஒருவன் கத்தியால் தாக்கினான். மூன்று சிறுமிகள் உயிரிழந்தனர். குற்றம் சாட்டப்பட்டவர் 18 வயதுக்குட்பட்டவராயின் பெயரை வெளியிடாதிருப்பது அந்நாட்டு வழக்கம். அந்த இடைவெளியில், இட்டுக்கட்டிய ஒரு முஸ்லிம் பெயர் இணையத்தில் பரவியது. படகில் வந்த அகதி என்றும் சேர்த்துக் கொண்டார்கள். படித்தவர்கள் கொதித்தார்கள், விசாரித்தவர்கள் சிலரே. மறுநாள் மாலை ஒரு கும்பல் அவ்வூர்ப் பள்ளிவாசலைக் கல்லால் அடித்தது. உள்ளே இமாமும் சிலரும் சிக்கியிருந்தனர். காவலர்களில் 50க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். ஆகஸ்ட் 1 அன்று நீதிமன்ற அனுமதியுடன் உண்மைப் பெயர் வெளிவந்தது. அவன் அகதியல்லன், வேல்ஸின் கார்டிஃப் நகரில் பிறந்தவன். ஆயினும் கலவரம் அடங்கவில்லை. ஆகஸ்ட் 4 அன்று ரொதர்ஹாமில், புகலிடம் கேட்டு வந்தோர் தங்கியிருந்த விடுதிக்குத் தீ வைக்க முயன்றார்கள். பொய்யான பெயர் திருத்தப்பட்டது. அது மூட்டிய வெறுப்பு திருந்தவில்லை.

இதைப் படிக்கையில் நம் இரத்தம் கொதிக்கிறது. நியாயம்தான். ஆனால், நமக்குப் பிடித்தமான கோபத்தைத் தரும் செய்தி நம் கைபேசிக்கு வந்தால் நாம் மட்டும் விசாரிக்கிறோமா? 2019 ஜனவரியில் வாஷிங்டனில், பூர்வகுடி முதியவர் ஒருவரை வெள்ளையின மாணவர்கள் சூழ்ந்து அவமதித்ததாக ஒரு சிறு காணொளி உலகெங்கும் பரவிற்று. நீண்ட காணொளி வந்தபோது, வேறொரு குழு அம்மாணவர்களை முன்பே வசைபாடியதும், முதியவரே கொட்டடித்தபடி அவர்களிடையே நடந்து வந்ததும் தெரிந்தது.

காணொளியே கூடாது என்று சொல்லவில்லை. 2020 மே 25 அன்று மின்னியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் இறந்தபோது, காவல்துறையின் முதல் அறிக்கை அதை உடல்நலக் கோளாறு என்றே குறிப்பிட்டது. அவர் கழுத்தை 9 நிமிடங்களுக்கும் மேலாக அழுத்திய முழங்காலை உலகுக்குக் காட்டியது, அவ்வழியே வந்த ஓர் இளம்பெண் எடுத்த காணொளிதான். துண்டுக் காட்சிகளுக்கெல்லாம் கொதித்து ஏமாந்தவன், இத்தகைய மெய்யான அநீதி வரும்போது அதையும் பொய்யென்று ஒதுக்குவான். நஷ்டம் ஒடுக்கப்பட்டவருக்கே. அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்தாதிருக்க, தீயவன் கொண்டுவரும் செய்தியை விசாரித்தறியுமாறு ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் ஏவுகிறது.

இன்னொரு தீங்கும் உண்டு. நிறவெறி என்றால் எங்கோ தூரதேசத்தில், திரையில் கத்துகிறவர்களிடம் மட்டும் இருப்பது என்று எண்ணிவிடுகிறோம். மருமகளின் நிறத்தைப் பற்றி அடுப்பங்கரையில் சொல்லும் சொல்லை யாரும் படம் எடுப்பதில்லை அல்லவா! அபூதர் (ரலி) அவர்கள் ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழித்தார்கள். அவர் பிலால் (ரலி) அவர்களே என விரிவுரையாளர்கள் கூறுவர். அபூதரிடம் அறியாமைக் காலத்துக் குணம் இன்னும் இருப்பதாக நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். பணியாளர்களும் சகோதரர்களே, தாம் உடுப்பதையே அவர்களுக்கும் உடுத்தக் கொடுக்க வேண்டும் என்று அறிவுறுத்தினார்கள். பிற்காலத்தில் ரபதா என்னுமிடத்தில் அபூதரைச் சந்தித்த ஒருவர், எஜமானரும் பணியாளரும் ஒரேவிதமான ஆடை அணிந்திருக்கக் கண்டு காரணம் கேட்டார். அவருக்கு அபூதர் (ரலி) அவர்கள் சொன்ன பதில்தான் இந்தச் சம்பவம்.