நம்ம பள்ளிக்கு ஒரு புது மாணவி

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் எல்லாம் பேசி முடித்துவிட்டோம். இப்போது கொஞ்ச நேரம் ஒரு பிள்ளையின் படிப்பைப் பற்றிப் பேசலாம்.

திருநங்கை என்றதும் நமக்கு யார் ஞாபகம் வருகிறது? ரயிலில் கை தட்டிக் காசு கேட்பவர், கடை வாசலில் ஆசீர்வாதம் செய்பவர். அவங்களும் ஒரு காலத்தில் புத்தகப் பையோடு பள்ளிக்கூடம் போன பிள்ளைங்கதானே? எந்த வகுப்பில் நின்றார்கள், ஏன் நின்றார்கள் என்று நாம் கேட்டதுண்டா?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 22,364 பேர் மூன்றாம் பாலினத்தவராகப் பதிவானார்கள். 2023-ல் சுமார் 8 லட்சம் பிள்ளைகள் பிளஸ் டூ எழுதினார்கள். அதில் மூன்றாம் பாலினம் என்று பதிவு செய்து எழுதியது ஒரே ஒருவர். 2024-லும் ஒரே ஒருவர். இரண்டு பேரும் பாஸ். சில பிள்ளைகள் பையன் என்ற பெயரிலேயே எதையும் வெளியே காட்டாமல் எழுதியிருக்கலாம். மத்தவங்க எங்க போனாங்க?

கிரேஸ் பானு என்று ஒருத்தர். தூத்துக்குடி மாவட்டத்துக்காரர், தலித் குடும்பம். மற்ற பிள்ளைகள் வந்த பிறகுதான் பள்ளிக்கு வரணும், அவங்க கிளம்பும் முன்னே கிளம்பிடணும் என்று தன்னை ஒதுக்கி வைத்ததைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். யோசித்துப் பாருங்க, பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்குப் பிடித்ததே காலையில் மணி அடிக்கும் முன்னே விளையாடுவதும், சாயங்காலம் கூட்டமா நடந்து வருவதும்தான். அதையே வெட்டிட்டா அப்புறம் என்ன பள்ளிக்கூடம்? அத்தனையும் தாண்டி 2014-ல் அரக்கோணம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் சேர்ந்தார். நம்ம வாலாஜாபாத் ஸ்டேஷனில் நின்று போகிற ரயில் போகிற அதே அரக்கோணம்தான். தமிழ்நாட்டில் பொறியியல் படிக்கச் சேர்ந்த முதல் திருநங்கை அவர்.

அந்த கிரேஸ் பானு, தாரிகா பானு என்ற பிள்ளையை மகளாக ஏற்றுக்கொண்டார். தாரிகா சேர்ந்தது அம்பத்தூரில் உள்ள அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில். இதைக் கவனியுங்க, பெண்கள் பள்ளி. பையன்கள் வரிசையில் ஓர் ஓரமாக நிற்கவிடவில்லை. பெண் பிள்ளைகளோடு பெண் பிள்ளையாக உட்கார இடம் கிடைத்தது. அங்கே படித்து 2017-ல் பிளஸ் டூ தேறினார். திருநங்கை என்ற அடையாளத்தோடு மாநிலத்தில் பிளஸ் டூ முடித்த முதல் மாணவி என்று பத்திரிகைகள் எழுதின. மார்க் போதவில்லை என்று சித்த மருத்துவப் படிப்பில் இடம் மறுத்தபோது வழக்குப் போட்டார். அந்த ஆண்டு டிசம்பரில் இடம் கொடுக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

'அதெல்லாம் சரிங்க, என் பொண்ணு பக்கத்துல உட்கார வைக்கலாமா?' இது எல்லா ஊரிலும் கேட்கிற கேள்வி. கேட்பது தப்பில்லை. ஆனால் நம்ம பொண்ணைவிட அந்தப் பிள்ளைதான் அதிகம் பயந்து கிடக்கிறது. காலையிலிருந்து சாயங்காலம் வரை கழிப்பறைக்குப் போகாமல் அடக்கிக்கொண்டு, தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருக்கும். ஓர் எண்ணைச் சொல்லி கிண்டல் பண்ணுவாங்களே, அதை நம்ம வீட்டுப் பிள்ளைகள் சொல்லாமல் பார்த்துக்கொண்டாலே பாதி பிரச்சினை தீரும். அந்த வார்த்தை பெரியவங்க வாயிலிருந்துதான் பிள்ளைங்க வாய்க்குப் போகுது.

'இப்போ பையனாவே வரட்டும், படிச்சு முடிச்சப்புறம் பார்த்துக்கலாம்' என்று நல்ல மனசோடு சொல்பவர்களும் உண்டு. எனக்கு இதில் சம்மதமில்லை. முடி வெட்டு, சட்டையை மாத்து, நடையை மாத்து என்று தினமும் கேட்கிற பிள்ளை படிச்சு முடிக்கிற வரைக்கும் தாங்காது.

அரசுப் பள்ளியோ, அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளியோ, பாகுபாடு இல்லாமல் படிப்பும் விளையாட்டும் தரவேண்டும் என்று 2019-ல் வந்த திருநர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. உயர்கல்விக்கான கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று 2024 மாநில பட்ஜெட்டில் அறிவித்தார்கள். ஆனால் அந்தப் பணத்தை வாங்க முதலில் பிளஸ் டூ தாண்டணும் இல்லையா?

நம்ம பக்கம் நிலைமை உங்களுக்கே தெரியும். ஒரகடம் கம்பெனி வேலைக்காக வாடகை வீடு மாறி மாறி வருகிற குடும்பங்கள். ஊரில் எட்டாவது வரை இருந்தால் ஒன்பதாவதுக்கு வேறு பள்ளி. பழைய பள்ளியில் பட்டது போதும் என்று வருகிற பிள்ளைக்கு, புதுப் பள்ளியில் முதல் வாரம்தான் முக்கியம். நம்மில் பலர் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறோம். எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடணும், எந்தக் கழிப்பறை, எந்தச் சீருடை என்று தலைமையாசிரியரிடம் பிள்ளை சேரும் முன்பே பேசிவிடுங்கள். பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் போவதற்குள் சான்றிதழ் பெயரையும் கேட்டு வையுங்கள், பிறகு மாற்ற அலைச்சல் அதிகம். சந்தேகம் இருந்தால் கல்வி உதவி எண் 14417. பிள்ளையை அடித்தால், வீட்டை விட்டு விரட்டினால் 1098.

பின்வரிசையில் ஓர் அக்கா கேட்டாங்க, 'எங்க தெருவுல அப்படி ஒரு பிள்ளை இருக்கு. அவங்கம்மாகிட்ட எப்படிப் பேச்சு எடுக்கிறது?' என்று. எடுத்த எடுப்பில் பிள்ளையைப் பற்றிக் கேட்காதீங்க அக்கா. அந்தம்மா மூணு மாசமா குழுவுக்கு வரவில்லை என்று நீங்களே சொன்னீங்க. ஏன் வரலைன்னு கேட்டுப் போங்க. சந்தாவுக்காக வந்திருக்கீங்கன்னு நினைச்சுக்கப் போறாங்க, நோட்டை எடுத்துக்கிட்டுப் போகாதீங்க. வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நானும் கூட வரேன்.