வகுத்தியுள் மறைந்த இலக்கங்கள்



1729 என்றவுடன் இராமானுசனை நினையாத தமிழர் இரார். இரு கனங்களின் கூட்டாக இருவகையில் எழுதத்தக்க மிகச் சிறிய எண் அது என்று அவர் ஹார்டியிடம் கூறிய செய்தி ஊரறிந்தது. ஆயின் அவ்வெண்ணின் வகுத்திகளுள் மறைந்துள்ள மற்றோர் அழகை நம்மிற் பலர் நோக்குவதில்லை. அதன் இலக்கங்களைக் கூட்டினால் 19. அந்த 19ஆல் வகுத்தால் மீதியின்றி 91. ஒன்றைத் திருப்பி எழுதினால் மற்றொன்று அன்றோ! தன் இலக்கக் கூட்டுத்தொகையை அதன் திருப்பத்தால் பெருக்கத் தானே வரும் எண்கள் 1, 81, 1458, 1729 ஆகிய நான்கே. ஐந்தாவது இல்லை. இலக்கங்கள் மிகுந்தால் எண் விரைந்து பெருகுகிறது, கூட்டுத்தொகையோ மெல்ல வளர்கிறது, அதுவே காரணம்.

இலக்கக் கூட்டுத்தொகையால் மீதியின்றி வகுபடும் எண்களுக்கு 'ஹர்ஷத்' எனப் பெயரிட்டவர் மராட்டியத்துத் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராயிருந்த கப்ரேக்கர் (1905–1986). மகிழ்ச்சி தருவது என்பது பொருள்; 'ஹர்ஷ' என்பது இந்நகரத்துக் கன்னட அன்பர் நாவிலும் வழங்கும் சொல்லே. 510, 511, 512, 513 ஆகியவற்றை முறையே 6, 7, 8, 9ஆல் வகுத்துப் பாருங்கள். நான்கும் அடுத்தடுத்து நிற்கும் ஹர்ஷத் எண்கள்.

இவையெல்லாம் வீண் விளையாட்டோ? இராமானுசனைப் போற்றிய ஹார்டியே 1940இல் வெளிவந்த தம் நூலில் அவ்வாறுதான் கருதினார். 9801 தன் திருப்பமாகிய 1089இன் ஒன்பது மடங்கு. 8712 தன் திருப்பமாகிய 2178இன் நான்கு மடங்கு. இவை புதிர்ப் பகுதிக்கு உரியன, கணிதனைக் கவரா என்றார் அவர். அதில் உண்மை உண்டு. எட்டெட்டாக எண்ணும் வழக்கம் நமக்கிருந்தால் 9801ஐ 23111 என்று எழுதுவோம், அவ்வழகு கலைந்துபோம்.

எனினும் முழுதும் உடன்பட எமக்கு மனமில்லை. 85இன் பகாக் காரணிகள் 5, 17. இலக்கங்களைக் கூட்டின் இருபுறமும் 13. இத்தகைய எண்களை 1982இல் அமெரிக்கப் பேராசிரியர் வில்லான்ஸ்கி வேடிக்கையாகவே எழுதினார். அவை முடிவிலாதன என்று 1987இல் மெக்டேனியல் நிறுவினார். வேடிக்கை தேற்றமாயிற்று.

தனிப்பயிற்சி வகுப்புகளுக்கு ஓடியோடி எண்ணைக் கண்டாலே அஞ்சும் நம் பிள்ளைகளுக்குத் தேற்றம் பிறகு வரட்டும். பெங்களூர்ச் சாலை நெரிசலில் முன்னே நிற்கும் வண்டியின் நான்கு இலக்கங்களைக் கூட்டச் சொல்லுங்கள். அத்தொகையால் அவ்வெண் வகுபடுமா என்று கேளுங்கள். நேரத்துக்குக் குறைவேயில்லை.