காய்கனி உணவும் குருதியில் ஹோமோசிஸ்டீனும்

(தேசிய ஊட்டச்சத்து வாரத்தையொட்டி ஊட்டச்சத்துக் களப்பணியாளர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உணவைப் பற்றி மக்களிடம் பேசுவதையே அன்றாடப் பணியாகக் கொண்டவர்கள் நீங்கள். "கீரை சாப்பிடுங்கள், காய்கறியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று எத்தனையோ வீடுகளின் திண்ணையில் அமர்ந்து சொல்லியிருப்பீர்கள். அவ்வறிவுரை சரியானதே. ஆயினும் நம் நாட்டைப் பொறுத்தவரை அது பாதி அறிவுரையே என்பதை எடுத்துரைக்கவே இன்று வந்துள்ளேன்.

கதை பம்பாயில் தொடங்குகிறது. 1928ஆம் ஆண்டில் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேயப் பெண் மருத்துவர் அந்நகருக்கு வந்தார். நெசவாலைகளில் உழைத்த ஏழைப் பெண்கள் கருவுற்ற காலத்தில் கடும் இரத்தசோகைக்கு உள்ளாகி மாண்டுகொண்டிருந்தனர். அவர்களது உணவில் காய்களும் கனிகளும் மிக அரிதாகவே இருந்தன. மார்மைட் என்னும் மலிவான ஈஸ்ட் சாற்றை அளித்தபோது அவர்கள் நலமடைவதை வில்ஸ் கண்டார். 1931இல் அதனை வெளியிட்டார். அச்சாற்றில் இருந்த பொருள் எது என்பது பின்னரே தெளிவாயிற்று. 1941இல் அமெரிக்க அறிஞர்கள் பசலையினக் கீரையிலிருந்து அதனைப் பிரித்தெடுத்து, இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லைக் கொண்டு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். ஒரு சில ஆண்டுகளில் அதனைச் செயற்கையாக உருவாக்கிய குழுவை வழிநடத்தியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். இத்துறையில் நம்மவர் பங்கு இவ்வளவு பெரிதாக இருந்தும், நம் பாடநூல்களில் அவர் பெயர் அரிதாகவே காணப்படுகிறது.

இனி ஹோமோசிஸ்டீனுக்கு வருவோம். நாம் உண்ணும் புரதத்தில் மெத்தியோனின் என்னும் அமினோ அமிலம் உண்டு. உடல் அதனைப் பயன்படுத்தும்போது இடைப்பொருளாக ஹோமோசிஸ்டீன் உண்டாகிறது. இதனை மீண்டும் மெத்தியோனினாக மாற்றுவதற்கு ஃபோலேட்டும் வைட்டமின் பி-12உம் சேர்ந்து வேண்டும். வேறு வழியில் சிஸ்டீனாக மாற்றுவதற்கு வைட்டமின் பி-6 வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் ஹோமோசிஸ்டீன் குருதியில் தேங்கும். லிட்டருக்கு 15 மைக்ரோமோலுக்கு மேற்பட்டால் அதனை மிகுதி என்பது வழக்கம். பிறவிக் குறைபாட்டினால் இப்பொருள் மிகுந்து இறந்த குழந்தைகளின் தமனிகள் முதியோருடையவை போல் தடித்திருந்ததை 1969இல் கில்மர் மெக்கல்லி சுட்டிக்காட்டிய பிறகே இதயநோய் ஆய்வாளர்கள் இதன்பால் கவனம் செலுத்தினர்.

காய்கனிகளை மிகுதியாக உண்டால் இந்த அளவு குறையுமா? ஓரளவு குறையும். அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், எட்டு வாரம் வழக்கமான உணவை உண்டவர்களுக்கு ஹோமோசிஸ்டீன் சற்றே உயர்ந்தது. காய்கனிகளோடு கொழுப்பு குறைந்த பால் பொருள்களையும் உண்டவர்களுக்குச் சற்றே தாழ்ந்தது. வேறுபாடு சிறிதுதான். மாத்திரைகள் இதனினும் வேகமாகக் குறைக்கும். ஆனால், எண் குறைந்தால் நோய் குறையும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாற்றமடைந்தனர். 5,522 பேரைக் கொண்டு நடந்து 2006இல் வெளியான பெரிய ஆய்வில், பி வைட்டமின்கள் ஹோமோசிஸ்டீனைக் குறைத்தன, மாரடைப்பைத் தடுக்கவில்லை. பக்கவாதம் மட்டும் சற்றுக் குறைந்தது. 2015இல் சீனாவில் இரத்த அழுத்தமுள்ள இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வும் ஃபோலிக் அமிலம் பக்கவாதத்தைக் குறைப்பதாகக் காட்டியது. ஆதலால், கீரை உண்டால் மாரடைப்பு வாராது என்று எவருக்கும் வாக்குறுதி அளித்துவிடாதீர்கள்.

நம் நாட்டின் நிலை இன்னும் விசித்திரமானது. புணேயில் கிராமம், குடிசைப்பகுதி, நகர நடுத்தர வகுப்பு ஆகிய மூன்று பிரிவுகளிலிருந்து 441 நடுவயது ஆண்களை ஆராய்ந்து 2006இல் முடிவுகளை வெளியிட்டனர். 67 விழுக்காட்டினரிடம் பி-12 குறைவாக இருந்தது; 58 விழுக்காட்டினரிடம் ஹோமோசிஸ்டீன் மிகுந்திருந்தது. ஃபோலேட் குறைவோ மிகச் சிலரிடமே காணப்பட்டது! வறியவர்களைவிட நகர நடுத்தர வகுப்பினரிடையே பி-12 குறைவு அதிகம். அவர்களுள் 81 விழுக்காட்டினருக்கு அது இருந்தது. காயும் பருப்பும் உண்ணும் சைவ உணவினர் பலருக்கும் ஹோமோசிஸ்டீன் உயர்ந்திருப்பதன் காரணம் இதில் விளங்கும். எந்தக் கீரையிலும், எந்தக் கனியிலும் நம்பத்தக்க அளவில் பி-12 கிடையாது. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவையே அதன் இருப்பிடங்கள். பாலை நீர்க்கக் கலந்து தேநீரில் மட்டும் காணும் குடும்பங்களுக்கு அதுவும் எட்டுவதில்லை.

இங்கேதான் நம் திட்டங்களைப் பற்றி ஒரு சொல் சொல்ல விரும்புகிறேன். பெண்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் நாம் வழங்கிவந்துள்ள மாத்திரைகளில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் இருந்தன, பி-12 இல்லை. கருவுறும் முன்பே ஃபோலிக் அமிலம் கொடுத்தால் குழந்தையின் முதுகுத்தண்டுக் குறைபாடுகள் பெருமளவு தடுக்கப்படும் என்பது 1991இல் ஐயமற நிறுவப்பட்டது. ஆகவே அதனை நிறுத்தச் சொல்வது பெருந்தவறாகும். ஆனால், பி-12 குறைந்தவருக்கு ஃபோலிக் அமிலத்தை மட்டும் மிகுதியாகக் கொடுத்தால், இரத்தசோகை தீர்ந்தது போல் தோன்றும். நரம்புகளின் சேதமோ உள்ளே தொடரும். 2018இல் வெளியான உணவுச் செறிவூட்டல் விதிகளில் அரிசிக்கு இரும்பு, ஃபோலிக் அமிலம், பி-12 மூன்றையும் சேர்த்திருந்தனர். மாத்திரைக்கும் அந்த நெறி பொருந்துமா என்று ஆராய்வது நன்று என்பது என் கருத்து.

சமையலறையைப் பற்றியும் ஒன்று. ஃபோலேட் நீரில் கரைவது. கீரையை நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துக் கொட்டினால் ஏறத்தாழப் பாதி போய்விடும். குறைந்த நீரில், மூடிவைத்து, சிறிது நேரமே வேகவையுங்கள். நீர் மிஞ்சினால் பருப்பில் சேருங்கள். கீரை வாங்க இயலாத நாட்களில் பாசிப்பயறும் கொண்டைக்கடலையும் ஃபோலேட் தருவதில் கீரைக்கு இளைத்தவை அல்ல.

வீடுகளுக்குச் செல்லும்போது, கால் மரத்துப்போகிறது, உள்ளங்கால் எரிகிறது, நடை தள்ளாடுகிறது என்று பால் கூட அருந்தாத சைவ உணவினர் எவரேனும் கூறினால், அவரிடம் கீரையைப் பற்றிப் பேசி நேரம் போக்க வேண்டாம். அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்பி, பி-12 குறைவு உண்டா என்று மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.