ஆற்றின் வடிதுணி



சமண இல்லங்களில் நீரை வடிகட்டுவது அன்றாடக் கடமை. தடித்த துணியை இரட்டையாக மடித்துப் பாத்திரத்தின் வாயில் கட்டி நீரை வார்ப்பர். அத்துடன் கடமை முடிவதில்லை. துணியில் தங்கிய நுண்ணுயிர்களை வடித்த நீரால் அலசி, எடுத்த இடத்திலேயே சேர்ப்பது முறை. அருந்துவோர்க்கு நலம் தருவதோடு, நீர்வாழ் உயிர்களுக்கும் அது அடைக்கலம் தருகிறது.

ஆற்றுக்கும் ஒரு வடிதுணி உண்டு. அதுவே மணல். மழைநீரை உள்வாங்கித் தேக்குவதும், மாசினை வடித்து நிலத்தடிக்கு அனுப்புவதும், கோடையில் கரையோரக் கிணறுகளை ஊறச் செய்வதும் அதன் பணி. மணற்படுகையில் அமைத்த உறைகிணறுகளை நம்பியே பல ஊர்களின் குடிநீர் இருக்கிறது.

பொதிகையில் பிறந்து, ஏறத்தாழ 128 கி.மீ. ஓடி, புன்னைக்காயலில் கடலடைவது தாமிரபரணி. அதன் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. கோடைமேலழகியான் முதலாவது, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டப்பட்ட ஸ்ரீவைகுண்டம் கடைசி. அணைக்கட்டு ஆற்றை முற்றிலும் சிறைப்படுத்துவதில்லை. கால்வாய்க்கு வேண்டும் அளவு நீர்மட்டத்தை உயர்த்தி, மிகுதியைத் தன்மேல் வழிந்தோட விடுகிறது. தேவைக்கு எடுத்து, எஞ்சியதைப் பிறர்க்கு விடுவதே இல்லறத்தார்க்குரிய பரிமித பரிக்கிரகம். அவ்விரதம் கல்லில் நிற்பதைக் காண விரும்புவோர் ஸ்ரீவைகுண்டம் சென்று காணலாம்.

ஆயினும் கடைசி அணைக்கு ஒரு துயரம் உண்டு. மேலே உள்ளோர் விடுவதெல்லாம் அங்கே வந்து சேரும். நகரங்களின் கழிவுநீர், பாபநாசத்தில் பரிகாரம் என்று களைந்த துணிகள், நெகிழிப் பைகள், வண்டல் என யாவற்றையும் ஆறு சுமந்து வருகிறது. பாவம் போக்க எண்ணி ஆற்றில் எறிந்த ஆடை, நீர்வாழ் உயிர்களுக்குத் துன்பமாகிறது.

இந்நிலையில் மணலும் அள்ளப்பட்டது. ஸ்ரீவைகுண்டத்திற் பிறந்த முதுபெரும் தலைவர் இரா. நல்லகண்ணு, தாமிரபரணி மணற்கொள்ளையை எதிர்த்து உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் தாமே வாதிட்டார். 2010ஆம் ஆண்டில் அந்நீதிமன்றம் ஆற்றில் மணல் அள்ளுவதை 5 ஆண்டுகளுக்குத் தடை செய்தது. 2015இல், வண்டல் மேடிட்ட ஸ்ரீவைகுண்டம் அணையைத் தூர்வாருமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. அப்போது, தூர்வாரும் பெயரால் மணல் போய்விடுமோ என்று கரையோர மக்கள் அஞ்சிக் குரல் எழுப்பினர். வண்டல் அகல வேண்டும். மணல் நிலைக்க வேண்டும். நோயை நீக்குவதும் உடலை அறுத்து விற்பதும் ஒன்றல்ல.

மணலை அள்ளுவோர் எங்கோ உள்ளனர் என்று எண்ணி அமைதி கொள்ள இயலாது. விலை கொடுத்து வாங்கும் வீடுகள் உள்ளவரை லாரிகள் வரும். பரிக்கிரகத்திற்கு எல்லை வகுத்த ஆசாரியர்கள், நிலத்தையும் வீட்டையும் பட்டியலின் தலையில் வைத்தது கருதத்தக்கது. குடியிருக்க வேண்டிய வீடு வேறு; பூட்டி வைக்கக் கட்டும் மூன்றாவது வீடு வேறு. நீர்நிலைகளை வற்றச் செய்யும் தொழிலையும் சிராவகர்க்கு விலக்கியவற்றுள் சேர்த்துள்ளனர். தொழில் விலக்கெனில், அத்தொழிலை வாழவைக்கும் பேராசையும் விலக்கே ஆகும்.

காற்றும் இவ்வாறே. நிலம், நீர், தீ, காற்று, தாவரம் ஆகிய ஐந்தும் ஓரறிவுயிர்களின் உடல் என்பது ஜினதர்மம். ஆற்றங்கரையில் குப்பையைக் கொளுத்துவோன் நிலத்தையும் நீரையும் காற்றையும் ஒருங்கே துன்புறுத்துகிறான். பயனின்றிச் செய்யும் அத்தீங்கிற்கு அநர்த்த தண்டம் என்று பெயர்.

இத்திருநாளில் ஒவ்வோர் இல்லமும் ஓர் அளவை மேற்கொள்ளலாம். நாளொன்றுக்குச் செலவிடும் நீருக்கு ஓர் எல்லை, வீடு கட்டுவோர் பழைய செங்கல்லையும் மரத்தையும் மீண்டும் பயன்படுத்தல், விழாப் பந்தியில் வாழையிலையும் உலோகக் குவளையும், கூரைநீர் கிணற்றுக்கு. இவை சிறியன. எனினும், அணுவிரதம் என்ற சொல்லிலேயே சிறுமை இருக்கிறது. பெருமை அதைத் தவறாது காப்பதில் இருக்கிறது.

வீட்டு வடிதுணி கிழிந்தால் கடையில் வேறு வாங்கலாம். ஆற்றின் வடிதுணியை நெய்தது பல நூற்றாண்டு வெள்ளம். அதை விற்கும் கடை எங்கும் இல்லை.

அறம் வளர்க! எல்லா உயிர்களும் இன்புறுக!