பிள்ளை கேட்கும் ‘ஏன்?’
(கண்டாச்சிபுரத்தில் பெற்றோர்-ஆசிரியர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



2021 அக்டோபர் 27 அன்று ‘இல்லம் தேடிக் கல்வி’ நம் மாவட்டத்து முதலியார்குப்பத்தில்தான் தொடங்கப்பட்டது. 2022 ஜூனில் 1 முதல் 3ஆம் வகுப்பு வரை ‘எண்ணும் எழுத்தும்’ வந்தது. அரும்பு, மொட்டு, மலர் எனப் பிள்ளையின் நிலையறிந்து பயிற்சி தரும் முறை அது. மதிப்பீடு கைப்பேசிச் செயலிக்கு வந்தது. கருவியை வரவேற்கிறோம். ஆனால் நான்கு விடை காட்டி ஒன்றைத் தொடச் சொன்னால் விரல்தான் பழகும், சிந்தனை பழகுமா?

திரையில் வரும் பயிற்சித்தாள் இப்படிக் கேட்கட்டும்: “ஊறிய மல்லாட்டை முதலில் முளைக்குமா, ஊறாததா?” பிள்ளை ஊகிக்கும், விதைக்கும், தினமும் படமெடுத்து அடுக்கும், அடுத்த பிள்ளையின் விதையோடு ஒப்பிடும். முடிவு மாறினால் “ஏன்?” என்று கேட்கும். அந்தக் கேள்வியில்தான் கல்வி பிறக்கிறது!

பதிவேற்றும் வேலையிலேயே ஆசிரியரின் பொழுது கழிந்தால், அந்த “ஏன்?”னுக்குக் காது கொடுப்பது யார்? கைப்பேசி இல்லாத கூலி வீட்டுப் பிள்ளைக்குக் கருவி எங்கே? பள்ளியிலேயே வேண்டும்! பள்ளி மேலாண்மைக் குழுவில் இவற்றைக் கேட்போம்.

மாலையில் பிள்ளையிடம் “எத்தனை மார்க்?” என்னுமுன், “இன்று என்ன கேள்வி கேட்டாய்?” என்று கேட்போம்!